லீஸ் வீடு பார்த்துத் தரும் 'உதவி' டிரஸ்ட்: பெங்களூரில் இருக்கும் நம்ம ஆட்கள் ஜாக்கிரதை!

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று சாயங்காலம் அந்த ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனது 4,20,000 ரூபாய். என் பிஎஃப் பணம், வீட்டுக்காரர் தள்ளி எடுத்த சீட்டு, அடகு வைத்த செயின் எல்லாம் சேர்ந்த நாலு லட்சத்து இருபதாயிரம்.

பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்களுக்கு உதவுகிறோம் என்று போர்டு வைத்திருக்கும் ஒரு டிரஸ்ட், அவ்வளவுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அரிசி கொடுப்பார்கள். ஆதார் முகவரி மாற்ற, ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட, பைசா வாங்காமல் ஃபாரம் நிரப்பித் தருவார்கள். லாக்டவுனில் எங்கள் சந்துக்கே மளிகைப் பை வந்தது. புரோக்கர் என்றால் ஆயிரம் கேள்வி கேட்போம். அரிசி கொடுத்த கையிடம் என்ன கேட்பது?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே லீஸ் என்பது நம்ம ஊர் ஒத்தி மாதிரி. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். கார்மென்ட்ஸ் சம்பளத்தில் மாசா மாசம் வாடகை கட்டி மாளாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி. "ஓனர் நமக்குத் தெரிஞ்சவர், ஏழைகளுக்காகக் குறைச்சுக் கொடுக்கறார்" என்றார் செயலாளர்.

பணம் கொடுத்த அன்றைக்கு, எந்த ஊர் என்று கேட்டார். அரூர் என்றதும், "அட, நம்ம பக்கமாம்மா!" என்று மோர் வாங்கிவரச் சொன்னார். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு நிதானமாக எண்ணினார். ரசீது புத்தகத்தில் 'நன்கொடை' என்று அச்சடித்திருந்தது. என் வீட்டுக்காரர் அப்போதே கேட்டார், "இது என்னங்க, நன்கொடைன்னு இருக்கு?" அதற்கு, "டிரஸ்ட்ல இந்த ஒரு புக்குதான் இருக்கு தம்பி, அக்ரிமென்ட்ல எல்லாம் தெளிவா வருது பாருங்க" என்று சிரித்தார். வந்த அக்ரிமென்டில் பதினோரு மாதம் தங்க அனுமதி என்று இருந்தது, தொகையே இல்லை. அதைக் கேட்டதற்கு, ஓனருக்கு வரி விழும், ரசீதுதான் கணக்கு என்றார்.

குடிபோய்ச் சில மாதம் கழித்து வாசலில் ஒருவர் வந்து, "நீவு யாரு?" என்றார். அவர்தான் நிஜ ஓனர். டிரஸ்டுக்கு மாத வாடகைக்கு விட்டிருக்கிறார். முதலில் வாடகை ஒழுங்காக வந்து, அப்புறம் நின்றிருக்கிறது. லீஸ் என்று ஒன்று நடந்ததே அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் ஏமாந்தவர்தான்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. செயலாளர் ஊருக்குப் போயிருக்கிறார். ஆடிட்டிங் நடக்கிறது. பொங்கல் கழித்து வாங்க. ஒருநாள் பணத்தைக் கேட்டு நின்றபோது, அங்கே வேலை செய்யும் பெண் அஞ்சு கிலோ அரிசிப் பையை என் கையில் திணித்து டக்கென்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். போட்டோவை அழித்தார்களோ இல்லையோ!

நேற்றுதான் முகமூடி கழன்றது. "ரசீதைப் படிங்கம்மா, நீங்க கொடுத்தது நன்கொடை. நன்கொடையை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?" 4,20,000 ரூபாய் நன்கொடை கொடுக்கிற ஆள் கார்மென்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருப்பாளா?

ஸ்டேஷனில் சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க என்று ஒரே வரியில் முடித்தார்கள். வக்கீல்தான் ஒரு விஷயம் சொன்னார்: ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு, அபராதம் வாங்கியவருக்குத்தான். அதையும் சேர்த்துப் புகார் எழுதுகிறோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. காத்தாவும் (வீடு யாருடையது என்று காட்டும் மாநகராட்சிப் பதிவு) வரி ரசீதும் யார் பேரில் இருக்கிறதோ அவரையே நேரில் பார்த்துப் பேசுங்கள். பணம் அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும், நடுவில் டிரஸ்டும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மேல் லீஸ் என்றால் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிய வேண்டும். பதினோரு மாதம் என்று எழுதுவதே அதிலிருந்து தப்பிக்கத்தான். ஏற்கெனவே மாட்டியவர்கள் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. எனக்கு வக்கீல் கிடைத்ததும் அப்படித்தான்.

இதே மாதிரி நன்கொடை ரசீது உங்கள் வீட்டு பீரோவிலும் இருந்தால் உடனே இன்பாக்ஸில் சொல்லுங்கள். தனித்தனியாகப் போனால் சிவில் மேட்டர் என்பார்கள். திங்கட்கிழமை கமிஷனர் ஆபீஸுக்குச் சேர்ந்தே போகலாம். ரசீதின் ஜெராக்ஸை மட்டும் எடுத்து வாருங்கள், ஒரிஜினலை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.