துணை ராணுவச் சமையல்காரர் வேலை: அகாடமியில் பணம் கட்டும் முன் சான்றிதழைப் பாருங்கள்

எல்லைப் பாதுகாப்புப் படையில், அதாவது பி.எஸ்.எஃப்.பில், டிரேட்ஸ்மேன், அதாவது கைத்தொழில் தெரிந்தவர்களுக்கான வேலைக்கு, குக் (சமையல்காரர்) பிரிவில் விண்ணப்பித்தேன். ஓட்டத்தில் தேறினேன். எழுத்துத் தேர்விலும் தேறினேன். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் ஒரே ஒரு தாள். அந்தத் தாளுக்காகத்தான் ஒரு பயிற்சி அகாடமியில் 38,000 ரூபாய் கட்டியிருந்தேன். இந்த முறை விண்ணப்பிக்கும் யாரும் அதே மாதிரித் தாளோடு போய் நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அகாடமி மீது நான் போட்ட நுகர்வோர் மனு விசாரணையில் இருப்பதால் அதன் பெயரைப் போடவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு மாமாவுடன் கல்யாணச் சமையலுக்குப் போனவன் நான். ஆறு வருஷம் அடுப்படியில் நின்றிருக்கிறேன். ஐந்நூறு இலைக்குச் சாம்பார் வைக்க எவ்வளவு பருப்பு, எத்தனை குடம் தண்ணீர் என்று யாரையும் கேட்காமல் சொல்வேன். ஆனால் முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வீட்டில் வருமானம் கிடையாது. மத்திய அரசு வேலை, அடிப்படைச் சம்பளமே 21,700 ரூபாய், அதற்கு மேல் படிகள் என்று கேள்விப்பட்டதும், நமக்குத் தெரிந்த தொழிலிலேயே இப்படி ஒரு வேலையா என்று ஆசை வந்தது. அதில் தப்பில்லை. உங்களில் பலருக்கும் அதே ஆசைதான் இருக்கும்.

சிக்கல் கல்வித்தகுதியில் இருக்கிறது. பி.எஸ்.எஃப்.பிலும் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையிலும் குக் வேலைக்குப் பத்தாம் வகுப்பு மட்டும் போதாது. உணவுத் தயாரிப்பு அல்லது சமையலறைப் பணியில் என்.எஸ்.க்யூ.எஃப். (தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு) லெவல் 1 படிப்பு முடித்திருக்க வேண்டும். அதுவும் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகமோ, அந்தக் கழகம் அங்கீகரித்த நிறுவனமோ தந்த சான்றிதழாக இருக்க வேண்டும். எத்தனை வருஷம் கரண்டி பிடித்திருந்தாலும் அது கணக்கில் வராது. எங்களைப் போல மண்டபங்களிலும் மெஸ்களிலும் வேலை பார்க்கிறவர்களிடம் தொழில் இருக்கும், காகிதம் இருக்காது. இந்த அகாடமிக்காரர்கள் பிடிப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

நான் முதலில் போன அன்றைக்கு அங்கே இருந்தவர் ரொம்ப அன்பாகப் பேசினார். "தம்பி, சர்ட்டிபிகேட்டுக்கு நீ எங்கேயும் அலைய வேண்டாம். கவர்மென்ட் ரிஜிஸ்டர்டு சர்ட்டிபிகேட், நாங்களே தர்றோம். நாற்பத்தஞ்சு நாள் ஹாஸ்டல், சாப்பாடு, கோச்சிங், ரன்னிங் எல்லாம் சேர்த்துத்தான் இந்த ஃபீஸ். வேலைக்கு நான் கேரண்டி" என்றார். சுவர் முழுக்கச் சீருடை போட்ட பையன்களின் படம். கூட்டுறவு வங்கியில் அம்மாவின் வளையலை வைத்துப் பணம் கட்டினோம். ரசீது கேட்டதற்கு 15,000 ரூபாய்க்கு மட்டும் எழுதித் தந்தார்கள். மீதி 23,000-க்கு ரசீது இல்லை. விண்ணப்பம் போடுவதற்கு வேண்டும் என்று சொல்லிப் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விண்ணப்பிக்க அசல் எதுவும் தேவையில்லை. எல்லாம் ஆன்லைன்தான், ஸ்கேன் செய்த படம் போதும். கட்டணம் 100 ரூபாய் சுற்றித்தான். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் அதுவும் கிடையாது. அசலைக் கேட்டு வாங்கி வைப்பது, நடுவில் நீங்கள் விலகிப் போய்விடாமல் இருக்கத்தான்.

சமையல் பயிற்சி என்று அங்கே நடந்ததைச் சொல்கிறேன். பின்கட்டில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று. நாங்கள் முப்பத்தொரு பேர். ஒருநாள் யாரோ ஒரு மாஸ்டர் வந்து வெஜிடபிள் பிரியாணி செய்தார், நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். முடிந்ததும் ஒரு வெள்ளைத் தொப்பியும் ஒரு ஏப்ரனும் கொண்டு வந்தார்கள். ஒருவன் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் கரண்டியோடு நிற்க, போட்டோ எடுத்தார்கள். அவன் கழற்றி அடுத்தவனிடம் கொடுத்தான். முப்பத்தொரு பேருக்கும் அதே தொப்பி, அதே ஏப்ரன், அதே கரண்டி. என் முறை வந்தபோது தொப்பியின் உள்பக்கம் வேர்வையில் நனைந்திருந்தது. அந்தப் போட்டோதான் என் "செய்முறைப் பயிற்சி"க்கு ஆதாரமாகக் கோப்பில் போனது.

படைகளின் டிரேட் டெஸ்டில், அதாவது தொழிலைச் செய்து காட்டும் தேர்வில், சப்பாத்தி போடச் சொல்வார்கள், சாதம் வடிக்க, பருப்பு வைக்க, காய் நறுக்கச் சொல்வார்கள். நம் பக்கத்துப் பையன்களுக்குச் சாதமும் பருப்பும் தண்ணீர் பட்ட பாடு. சப்பாத்தி அப்படியில்லை. வட்டமாகத் தேய்த்து, உப்ப வைத்து, கருகாமல் எடுப்பதற்குத் தினமும் கை பழக வேண்டும். எனக்கே ஒரு மாதம் ஆனது, அதுவும் மாமா வீட்டு அடுப்பில் நானாகப் பழகியது. அகாடமியில் கோதுமை மாவு மூட்டையையே நான் பார்க்கவில்லை.

எழுத்துத் தேர்விலும் இதே கதைதான். "தமிழ்லயே எழுதலாம் தம்பி, கவலையை விடு" என்று சொல்லி, தமிழில் அச்சடித்த தடிமனான புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். அது கான்ஸ்டபிள் ஜி.டி., அதாவது பொதுப்பணிக் காவலர் தேர்வுக்கான புத்தகம். மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் அந்த ஜி.டி. தேர்வைத்தான் 2024 முதல் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் எழுதலாம். அதில் 80 கேள்விகள், 160 மதிப்பெண், ஒரு மணி நேரம். நான் எழுதிய டிரேட்ஸ்மேன் தேர்வு வேறு. 100 கேள்விகள், 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம், வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். பொது அறிவு, கணக்கு, பகுத்தாய்வு, அடிப்படை இந்தி அல்லது ஆங்கிலம் என்று நான்கு பகுதிகள். அறிவிப்பை நானே வரி வரியாகப் படித்த அன்றுதான் இது தெரிந்தது. அப்புறம் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகப் படித்தேன். பொதுப் பிரிவுக்கு 35 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. அதற்குப் பிறகு தகுதிப் பட்டியல் இருப்பதால் அந்த அளவோடு நிற்கக் கூடாது.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகாடமியில் எல்லோரையும் 1.6 கிலோமீட்டர் மட்டும் ஓட விட்டார்கள். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப்.பில் ஆண்களுக்கு அதுதான், ஆறரை நிமிஷத்துக்குள். பி.எஸ்.எஃப்.பில் ஆண்களுக்கு 5 கிலோமீட்டர், 24 நிமிஷம். பெண்களுக்கு 1.6 கிலோமீட்டர், எட்டரை நிமிஷம். உயரமும் மாறும்: பி.எஸ்.எஃப்.பில் ஆண்களுக்குப் பொதுவாக 165 சென்டிமீட்டர், சி.ஐ.எஸ்.எஃப்.பில் 170. என்னோடு தங்கியிருந்த ஒருவன் 167 சென்டிமீட்டர். அவனிடம் சி.ஐ.எஸ்.எஃப்.புக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தார்கள். அளவு நாடாவை ஒரு தடவை பிடித்துப் பார்த்திருந்தால் அவன் பணமும் ஒரு வருஷமும் மிஞ்சியிருக்கும். இதை நினைத்தால் என் பணம் போனதைவிட எனக்கு வயிறு எரிகிறது.

பத்தொன்பதாவது நாள் ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அடுத்த பேட்ச் வருகிறது என்று. அன்றைக்கே ஆளுக்கொரு சான்றிதழ் தந்தார்கள். தங்க நிற ஓரம், மூவர்ணக் கோடு, நடுவில் என்.எஸ்.க்யூ.எஃப். லெவல் 1 என்று பெரிய எழுத்து. பயிற்சிக் காலம் மூன்று மாதம் என்று போட்டிருந்தது. பேருந்தில் போகும்போது பக்கத்தில் இருந்தவன் சான்றிதழையும் என்னுடையதையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் வரிசை எண் ஒன்றே. அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டோம். அன்றே இறங்கித் திரும்பப் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு அதே ஆள் போன் செய்தார். மெடிக்கலிலும் இன்டர்வியூவிலும் மேலே கவனிக்க வேண்டும், ஒன்றரை லட்சம் தயார் செய்யுங்கள் என்றார். அப்பா நிலத்தை விற்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை, மாமாவின் நண்பர், ஓய்வுபெற்ற சி.ஆர்.பி.எஃப். ஹவில்தார், தடுத்தார். "இன்டர்வியூவே கிடையாதேப்பா, எதுக்குப் பணம்?" என்று கேட்டார். மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கு நேர்முகத் தேர்வை 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். டிரேட் டெஸ்டில் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான், மதிப்பெண் கூட்டப் போவதில்லை. மெடிக்கலில் தகுதியில்லை என்று சொன்னால் மறு பரிசோதனைக்கு விண்ணப்பிக்க முறையான வழி இருக்கிறது. நடுவில் ஒருவர் கையில் பணம் கொடுத்து மாற்றக்கூடிய கட்டம் என்று எதுவும் இல்லை.

சரிபார்ப்பு நாளில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பெயர் எங்கே என்று கேட்டார். இல்லை. அங்கீகரித்த நிறுவனம் என்பதற்கு ஏதாவது தாள் உண்டா என்றார். இல்லை. கீழே சின்ன எழுத்தில் வழங்கியவர் என்று ஒரு அறக்கட்டளையின் பெயர் இருந்தது, பதிவு எண்ணோடு. பிற்பாடு விசாரித்தால் அந்த எண், அறக்கட்டளையைப் பதிவு செய்த எண். அதைத்தான் கவர்மென்ட் ரிஜிஸ்டர்டு என்று சொல்லியிருக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்யலாம், அதனால் சமையல் படிப்புக்கு அங்கீகாரம் வந்துவிடாது. புதுச் சான்றிதழ் வாங்கி வருகிறேன், இரண்டு வாரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன் பெற்றதாக இருந்தால்தான் செல்லும் என்றார். பக்கத்து மேசையில் இருந்து தேறிய பையன்கள் டிரேட் டெஸ்டுக்குப் போனார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

எனவே சேரும் முன் அகாடமியில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சான்றிதழை வழங்குவது யார் என்பதுதான். சான்றிதழின் மாதிரி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சி மையத்தின் பெயரைத் திறன் இந்தியா டிஜிட்டல் தளத்தில் நீங்களே தேடுங்கள். க்யூ.ஆர். கோடு இருந்தால் அங்கேயே ஸ்கேன் செய்து, அது எந்தத் தளத்துக்குக் கொண்டுபோகிறது என்று பாருங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். படிப்புக்கும் காசு கொட்ட வேண்டியதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் இருக்கிறது, பயிற்சி இலவசம். நான் முதல்வன் திட்டத்திலும் மத்திய அரசுத் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடத்துகிறார்கள். ஓடுவதற்கு ஊர்க் கண்மாய்க் கரை போதும். இன்னொரு காகிதத்தையும் மறக்காதீர்கள்: பி.சி., எம்.பி.சி. பிரிவினர் நம் மாநிலச் சாதிச் சான்றிதழை மட்டும் கொண்டுபோனால் ஓ.பி.சி. சலுகை கிடைக்காது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழ் வேண்டும்.

என் அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்க மட்டும் நான்கு தடவை அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் மீதிப் பணம் பாக்கி என்றார்கள். கடைசியில் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். மறுநாளே சான்றிதழ் வந்தது, ஓரம் மடங்கி, ஸ்டேப்ளர் ஓட்டையோடு. பணம் வரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே போகலாம். வேலைக்கு உத்தரவாதம் என்று பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலையும் மனுவோடு இணைத்தேன். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், தாமதிக்காமல்.

என்னோடு இருந்த முப்பது பேரில் ஆறு பேர்தான் இதுவரை மனுவில் சேர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் ரசீது இல்லை என்று ஒதுங்கி நிற்கிறார்கள். ரசீது இல்லாவிட்டாலும் வங்கியிலிருந்து பணம் எடுத்த பதிவு, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அந்தச் சான்றிதழ், எதையும் தூக்கிப் போட வேண்டாம். மனுப் போட இரண்டு வருஷம்தான் கெடு. இதைப் படிக்கும் யாராவது அந்தத் தொப்பியைப் போட்டுப் போட்டோ எடுத்திருந்தால், அந்தப் போட்டோவையும் எடுத்து வையுங்கள்.