எடை ஏறியது, தசை ஏறவில்லை: ஜிம்மில் விற்கப்படும் மாஸ் கெய்னர் பற்றி ஓர் எச்சரிக்கை

திருச்சியில் நான் சேர்ந்திருந்த ஓர் உடற்பயிற்சிக் கூடம், ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தசை வளரவில்லை என்ற என் குறையையே முதலாக வைத்து என்னிடம் தொடர்ந்து பணம் வாங்கியது. ஆண்டுச் சந்தா 15,000 ரூபாய், தனிப் பயிற்சிக்கு மாதம் 4,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொன்றும் 3,200 ரூபாய் விலையில் மாஸ் கெய்னர், அதாவது உடல் எடையைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடி, டப்பாக்கள். போன பணத்தைவிட, ஒல்லியான உடம்போடு அங்கே வரும் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதே பேச்சைக் கேட்டு அதே டப்பாவை வாங்கிப் போகிறார்கள் என்பதுதான் என்னை எழுத வைக்கிறது. கூடத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எப்படி ஏமாற்றப்படுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த ஊரில் இருப்பவரும் தப்பித்துக்கொள்ளலாம்.

சேரும்போது என் எடை 57 கிலோ, உயரம் 174 சென்டிமீட்டர். திங்கட்கிழமை நெஞ்சு, செவ்வாய்க்கிழமை முதுகு என்று நாளுக்கு ஒரு தசையாக மாஸ்டர் அட்டவணை போட்டுத் தந்தார். அடுத்த வாரம் அந்த அட்டவணை இருக்காது, வேறு கருவி, வேறு பயிற்சி. ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டபோது, "பாடிக்கு ஷாக் குடுத்துக்கிட்டே இருக்கணும் தம்பி, பழகிட்டா வளராது" என்றார். எந்தப் பயிற்சியில் எத்தனை கிலோ தூக்கினேன், எத்தனை ரெப் (அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணிக்கை) செய்தேன் என்பதை எந்த நோட்டிலும் அவர் குறித்ததில்லை. தசை வளர்வதற்கு அதன்மேல் விழும் சுமை படிப்படியாகக் கூட வேண்டும். சென்ற வாரம் 40 கிலோவில் எட்டு ரெப் ஸ்குவாட் (எடையைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது) செய்தவர் இந்த வாரம் ஒன்பதோ பத்தோ செய்ய வேண்டும், பிறகு 42.5 கிலோவுக்குப் போக வேண்டும். பயிற்சியே வாரந்தோறும் மாறினால் எதை எதோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தை அறிவது? தனிப் பயிற்சிக்கென்று தனியாகப் பணம் வாங்கும் ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலையே இந்தக் கணக்கு வைப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் சாப்பாட்டைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதமும் தயிரும், இரவு தோசை என்று சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் புரதம் 45 கிராமைத் தாண்டுவது கடினம். சாதாரணமாக வாழும் ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்திருக்கிறது. எடை தூக்கித் தசை வளர்க்க விரும்புபவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன் தரும் என்பது ஆய்வுகளின் முடிவு. 57 கிலோ எடைக்கு அது ஏறத்தாழ 91 கிராம். இந்த இடைவெளியை முதல் வாரமே சொல்லியிருந்தால் முட்டை, பால், சுண்டல், சோயா உருண்டை, மீன் என்று வீட்டிலேயே பெரும்பகுதியை நிரப்பியிருக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம், காய்ந்த சோயா உருண்டை 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

அதற்குப் பதிலாக அவர் சொன்னது, "உங்க உடம்பு வாகு அப்படி தம்பி, சாப்பாட்டால மட்டும் ஏறாது" என்பது. மேசைக்குக் கீழிருந்து மூன்று கிலோ டப்பா ஒன்று வந்தது. பில் கேட்டதற்கு, ஜிம்மில் பில் போடுவதில்லை, வெளிக்கடை விலையைவிடக் குறைத்துத் தருகிறோம் என்று பதில். டப்பாவின் பின்புறம் அச்சிட்டிருந்ததன்படி 100 கிராம் பொடியில் மாவுச்சத்து 78 கிராம், புரதம் 15 கிராம். அதாவது இரண்டரை முட்டையின் புரதம். மாவுச்சத்தில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின், நாம் தேநீரில் போடும் சர்க்கரையைவிட வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடிய பொருள். எடை கூட வேண்டியவர் கூடுதல் கலோரி உண்ண வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கலோரிக்குச் சோறும் வாழைப்பழமும் நிலக்கடலையும் போதுமே, கிலோவுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து மாவு வாங்க வேண்டியதில்லை.

எடை ஏறத்தான் செய்தது. மாதக் கடைசியில் கையாலும் காலாலும் பிடித்து நிற்கும் கருவி ஒன்றில் ஏற்றி, தசை இரண்டு கிலோ கூடியிருப்பதாகத் தாள் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கருவி தசையை நேரடியாக அளப்பதில்லை. உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, எவ்வளவு தடை இருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. உடம்பில் நீர் கூடினாலே அந்தக் கணக்கு மாறிவிடும். என் முதல் அளவை வெறும் வயிற்றில் காலையில் எடுத்தார்கள், இரண்டாவதை மாலையில், நான் கெய்னர் கலக்கிக் குடித்த பிறகு எடுத்தார்கள். வீட்டில் தையல் டேப்பால் அளந்தபோது மேல்கையின் சுற்றளவு அப்படியே இருந்தது. இடுப்பு மட்டும் 30 அங்குலத்திலிருந்து 33 ஆகியிருந்தது. அலுவலகத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதைக் கேட்ட மருத்துவர் பொடியை அன்றே நிறுத்தச் சொன்னார். தைராய்டையும் சோதிக்கச் சொன்னார்; அது சரியாக இருந்தது. எடை ஏறாமல் இருப்பதற்கோ குறைந்துகொண்டே போவதற்கோ அதிகம் சுரக்கும் தைராய்டோ கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோயோ காரணமாக இருக்கலாம் என்பதால், டப்பா வாங்கும் முன் இரத்தப் பரிசோதனைக்குப் போவது நல்லது.

பொடியை நிறுத்திவிட்டேன் என்றதும் மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு 'கோர்ஸ்' போடலாம் என்றார். வைட்டமின் ஊசி போலத்தான், பக்கவிளைவே இல்லை என்று காட்டிய குப்பியில் நாண்ட்ரோலோன் டெகனோயேட் என்று எழுதியிருந்தது. அது அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் போல வேலை செய்து தசையை வளர்க்கும் செயற்கை ஹார்மோன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்து. வெளியிலிருந்து இத்தகைய ஹார்மோன் வரும்போது உடம்பு தன் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. விதைகள் சுருங்கும், விந்தணு குறையும், நல்ல கொழுப்பு சரியும். இருபது வயதுப் பையன்களிடம் இதை வைட்டமின் என்று சொல்லி விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் மறுத்து வெளியேறினேன். மீதிச் சந்தாவைத் திருப்பித் தர அவர்கள் மறுத்தார்கள்.

டப்பாவில் இருந்த, எஃப்எஸ்எஸ்ஏஐ என்னும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணை அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் தேடியபோது, அது பொடி தயாரிப்போடு தொடர்பே இல்லாத வேறு மாநில நிறுவனம் ஒன்றுக்கு உரியது என்று தெரிந்தது. இறக்குமதிச் சரக்கு என்றார்கள். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் கொண்ட ஒட்டுச்சீட்டு இல்லை. பெயர் பெற்ற நிறுவனத்தின் பொடி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இந்தியாவில் விற்கப்படும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காடு பொடிகளில் புரத அளவு பற்றிய விவரம் தவறாக இருந்தது. புரதத்தை நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடும் சோதனையில், கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தே எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட முடியும்.

இப்போது வேறு கூடத்தில், ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரு முறை வேலை வரும்படி ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செட்டையும் நோட்டில் எழுதிப் பயிற்சி செய்கிறேன். தூக்கும் எடை கூடுகிறது; கையின் அளவும் மெல்லக் கூடுகிறது.

இதே நிலையில் இருப்பவர்கள் டப்பாவையும் மூடியையும் வீச வேண்டாம். தொகுதி (பேட்ச்) எண், உரிம எண், பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, மாஸ்டரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாமே சான்றுகள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பொடியைப் பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும், ஊசியைப் பற்றி மருந்து ஆய்வாளரிடமும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். நானும் புகார் கொடுத்திருக்கிறேன். மீதமிருந்த பொடியை டப்பாவோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைத்து, கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.