ஆர்கிட் 'பூ பூஸ்டர்' பொடியும் பொய் சொல்லும் மீட்டரும்: வாங்கிவிடாதீர்கள்

வீட்டுக்குள் எல்.இ.டி விளக்கு வைத்து ஆர்கிட் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு. வாட்ஸ்அப்பில் 'பூ பூஸ்டர்' என்று ஒரு வெள்ளைப் பொடியையும் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை பி.பி.எம் (லிட்டருக்கு மில்லிகிராம்) கணக்கில் காட்டும் டி.டி.எஸ் மீட்டரையும் சேர்த்து 1,200 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கி நான் பட்டது போதும்.

டப்பாவில் என்.பி.கே எண் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்), எடை, தயாரித்தவர் பெயர் எதுவும் கிடையாது. லிட்டருக்கு 5 கிராம் கலந்து வாரம் இரண்டு முறை ஊற்றச் சொன்னார் விற்றவர். "மீட்டர்ல 500 தாண்டாம இருந்தா போதும் மேடம்" என்றார். அவர் சொன்னபடியே கலந்தேன், மீட்டர் 450 காட்டியது.

கொஞ்ச நாளில் என் பெலனாப்சிஸ் வகை ஆர்கிட் வேர்களின் பச்சை நுனிகள் கறுத்துச் சுருங்கின. தொட்டியில் போட்டிருந்த மரப்பட்டைத் துண்டுகள் மேல் உப்புப் பூத்தது. இலை நுனி கருகி, மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. கேட்டால், "உங்க தண்ணியிலதான் உப்பு" என்கிறார். நான் ஊற்றியது ஆர்.ஓ தண்ணீர்!

அப்புறம் மீட்டர் சரியா என்று சோதிக்க உதவும், 1413 மைக்ரோசீமன்ஸ் (மின்கடத்தல் அலகு) என்று குறித்த அளவுத் திரவம் வாங்கி மீட்டரை அதில் வைத்தேன். சரியான மீட்டர் என்றால் சுமார் 700 பி.பி.எம் காட்ட வேண்டும். இது காட்டியது 190. அப்படியென்றால், 450 என்று நம்பி ஊற்றிய தண்ணீரின் உண்மையான அளவு 1,600க்கும் மேல். பெலனாப்சிஸுக்கு 300 முதல் 500 வரை தாராளம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நல்ல மீட்டரும் யூரியாவைக் காட்டாது. 19-19-19 உரங்கள் பலவற்றில் யூரியா உண்டு. அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல், கிராம் தராசில் எடை போட்டுக் கலப்பதுதான் பாதுகாப்பு.

விடாமல் கேட்ட பிறகுதான், பொடி 0-52-34 என்று ஒப்புக்கொண்டார். எந்த உரக்கடையிலும் கிடைக்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். அதில் தழைச்சத்து துளியும் இல்லை. மணிச்சத்தைக் கொட்டினால் பூ வரும் என்பதே தவறு. பெலனாப்சிஸ் பூத்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் குளிர்ச்சி வேண்டும். எந்நேரமும் 28 டிகிரிக்கு மேல் இருக்கும் அறையில் எந்தப் பொடி போட்டும் பிரயோஜனமில்லை. மணிச்சத்து மிஞ்சினால் செடி இரும்பும் துத்தநாகமும் எடுப்பதுதான் கெடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரப் பையில் சத்து விவரம் அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் டப்பாவில் யார் கொடுத்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

ஏற்கெனவே ஊற்றியவர்கள் இன்றே உரத்தை நிறுத்துங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு ஆர்.ஓ தண்ணீர் அடியில் வழிந்தோடும்படி மெதுவாக ஊற்றுங்கள். அழுகி மெத்தென்று இருக்கும் வேரை மட்டும் வெட்டுங்கள். புது வேர் நுனி தெரிந்த பிறகு சத்து விவரம் அச்சிட்ட உரத்தை லிட்டருக்கு அரை கிராமில் தொடங்கலாம்.