விடுதி அறையா, பங்கு வீடா: முதல் வருடக் கணக்கு

மேற்படிப்புக்கு வெகுதூரம் கிளம்புகிறவர்கள் டிக்கெட் எடுத்த கையோடு மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. பல்கலைக்கழக விடுதியில் அறை எடுப்பதா, வெளியே மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வீடு பிடிப்பதா? பெரும்பாலும் வாடகையை வைத்தே முடிவெடுக்கிறோம். நானும் அப்படித்தான் வெளியே போனேன். பணம் மிச்சமானது உண்மை. ஆனால் முதல் செமஸ்டர் முடிந்தபோது, லேபுக்கு வெளியே எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் மூவர் என் ரூம்மேட்கள்.

முதலில் பணத்தை முடித்துவிடலாம். விடுதியில் மின்சாரம், இணையம், கட்டில், மேசை எல்லாம் பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும். வெளியே இவை ஒவ்வொன்றும் தனிச் செலவு. படுக்கை வாங்கி, அதை மாடிக்கு ஏற்ற ஆள் தேடும் அலைச்சல் எந்தக் கணக்கிலும் வராது. இத்தனைக்கும் பிறகு வெளியேதான் மலிவு என்பது பல ஊர்களில் நடப்பதுதான். சரி, பணத்தில் வெளி வீட்டுக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுவோம்.

நேரத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. வெளி வீட்டிலிருந்து ஒரு வழிக்கு அரை மணி நேரம் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரம். வாரம் ஐந்து நாள், 15 வார செமஸ்டர்: 75 மணி நேரம். பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வோடு சேர்த்துப் பாருங்கள். புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து அவர் போட்ட கணக்கில், முகம் தெரிந்த ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். அதிலும் ஒன்றாக வேலை பார்த்த நேரத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை, சும்மா பேசிச் சிரித்த நேரமே கூடுதலாக ஒட்டுகிறது. லேபில் பக்கத்து மேசைக்காரரோடு வருடக்கணக்கில் உட்கார்ந்தும் 'ஹலோ'வைத் தாண்டாதது ஏன் என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

அந்தச் 'சும்மா' நேரம் எங்கே கிடைக்கும்? இதற்கு விடுதி வாழ்க்கையிலிருந்தே ஒரு பழைய பதில் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த திருமணமான முன்னாள் படைவீரர்களுக்கென்று குடியிருப்பு அமைத்தார்கள். யாருக்கு எந்த வீடு என்பதில் அவர்களுக்குப் பெரிய தேர்வு இல்லை. அங்கே யார் யாரோடு பழகுகிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 1950-ல் வெளியிட்டார்கள். அடுத்தடுத்த வாசல் என்றால் நட்பாகும் வாய்ப்பு 41 சதவீதம். அதே தளத்தின் இரு கோடிகள் என்றால் 10 சதவீதம். ஒரு தளத்தில் இருந்ததே ஐந்து வீடுகள்தான்! மாடிப்படிக்கு அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள். குணத்தைவிடப் படிக்கட்டு அதிகம் தீர்மானித்திருக்கிறது.

வெளி வீட்டிலும் பக்கத்து வாசல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பவர் பத்து வருடமாக அதே ஊரில் வேரூன்றியவர். அவருக்குப் புதிதாக யாரும் தேவைப்படவில்லை. விடுதி நடையில் எதிரே வருகிறவர் உங்களைப் போலவே போன வாரம் பெட்டியோடு இறங்கியவர்.

ரூம்மேட்கள் போதாதா என்றால், அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரே மொழி பேசும் ரூம்மேட்கள் கிடைத்தால் முதல் மாதம் சொர்க்கம், வீட்டு நினைவே வராது. அப்புறம் அந்த வீடே உலகமாகிவிடும். போதாததற்குக் கூட்டு ஒப்பந்தம் வேறு: பல இடங்களில், ஒருவர் பாதியில் கிளம்பினால் அவர் பங்கு வாடகையும் மற்றவர் தலையில்தான். எங்களில் ஒருவன் மூன்றாம் மாதம் படிப்பை மாற்றிக்கொண்டு போனான். மிச்சமானது என்று சொன்னேனே, அந்தப் பணத்தில் பாதி அப்படியே போயிற்று.

விடுதிக்கும் குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் ஒப்பந்தம் கல்வியாண்டோடு முடிந்துவிடும். ஆராய்ச்சிக்கு விடுமுறை ஏது, கோடையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். சத்தம், வரிசை, கழுவாத பாத்திரம் எல்லாம் இருக்கும். மூன்றாம் வருடம் ஆய்வேட்டை எழுத உட்காரும்போது அமைதியான வெளி அறைதான் வேண்டும், அப்போது மாறிக்கொள்ளலாம். முதல் வருடத்துக்கு நான் சொல்வது விடுதிதான், வாடகை கொஞ்சம் கூடினாலும்.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: சமையலறை பொதுவா, அறைக்குள்ளேயா? அறைக்குள்ளேயே அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து, கதவைச் சாத்தினால் ஒருவரையும் பார்க்க வேண்டாத விடுதி என்றால், அந்த வாடகைக்கு வெளியே நடக்கும் தூரத்தில் ஒரு பங்கு வீடே மேல்.