ஓல்ட் ஜட்ஜ் கார்டு: கிரேடை விடுங்கள், முகம் தெரிகிறதா என்று பாருங்கள்

ஏலத்தில் ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் கார்டு ஒன்று எடுத்தேன். ஆட்டக்காரர் பெரிய பெயரெல்லாம் இல்லை, இந்தத் தொடரில் நூற்றுக்கணக்கில் இருக்கும் சாதாரண பேஸ்பால் ஆட்டக்காரர்களில் ஒருவர். கார்டுக்கு என் மதிப்பெண் 5க்கு 5. அதைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் போட்டுத் தந்த கிரேடிங் சேவைக்கு 2, அதுவும் அசல் என்று உறுதி செய்ததற்காக.

முதலில் கார்டைப் பற்றி. நியூயார்க்கின் குட்வின் கம்பெனி 1886 முதல் 1890 வரை தன் ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்தது. பாக்கெட் நசுங்காமல் இருக்கவும் ஆயிற்று, விளம்பரமும் ஆயிற்று. உயரம் இரண்டரை அங்குலம், அகலம் ஒன்றரைக்கும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் இது அச்சடித்த படம் இல்லை, நிஜப் புகைப்படம். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்த ஆல்புமின் பிரதியைக் கெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். அன்றைய கேமராவை வைத்துக்கொண்டு பறக்கிற பந்தைப் படம் பிடிப்பது நடக்காத காரியம், அதனால் ஸ்டுடியோவுக்குள் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆளைக் கேட்ச் பிடிப்பது மாதிரி கையை நீட்டி அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டார்கள். என் கார்டில் அந்த நூல் தெரிகிறது! வெறுங்கை, பின்னால் தீட்டிய திரை, முகத்தில் ‘எப்போது முடியும்’ என்கிற சலிப்பு. இந்தப் படங்களில் பலவற்றை எடுத்தவர் புரூக்ளின் ஸ்டுடியோக்காரர் ஜோசப் ஹால்.

நிறம்தான் வேண்டும் என்றால் ரிச்மண்டின் ஆலன் அண்ட் ஜின்டர் 1887இல் போட்ட தொடர் இருக்கிறது, அழகான கல்லச்சு. ஆனால் 50 கார்டில் 10 பேர்தான் பேஸ்பால், மீதி குத்துச்சண்டை, மல்யுத்தம், படகு, துப்பாக்கி, பில்லியர்ட்ஸ். எனக்கு வரைந்த முகத்தைவிட நிஜ முகம்தான் பிடிக்கிறது. 1890இல் இந்த இரண்டு கம்பெனிகளும் அமெரிக்கன் டொபாக்கோ என்ற ஒரே கூட்டுக்குள் போய்விட்டன. போட்டி போன பிறகு ஆளை இழுக்க எதற்குக் கார்டு?

சரி, கிரேடிங். மூலை கூர்மையாக இருக்கிறதா, மடிப்பு விழுந்திருக்கிறதா, பின்பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எண் போடுகிறார்கள். ஆல்புமின் படம் வெளிச்சத்தில் மங்கும். இதனால் ஆளே தெரியாமல் வெளிறிப்போன கார்டு மூலை நன்றாக இருக்கிறது என்பதற்காக நல்ல எண் வாங்கிவிடுகிறது, கண் இமை வரை தெரியும் கார்டு ஒரு மடிப்புக்காகக் கீழே போய்விடுகிறது. என்னுடையது இரண்டாவது வகை. எண் குறைந்ததால் விலையும் குறைந்தது, வாங்குகிறவனுக்கு லாபம்தான், இருந்தாலும் அது நியாயமான எண் இல்லை.

பெட்டியில் அடைக்காத கார்டு வாங்கினால் 10 மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி கட்டாயம். அசல் ஆல்புமினில் புள்ளி வரிசை இருக்காது, தாளின் நார் தெரியும். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் பின்னால் வந்த அச்சு. புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தாலும் வேண்டாம், அந்த வெளுப்பு ரசாயனம் 19ஆம் நூற்றாண்டுத் தாளில் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கும் பெஞ்சமின் எட்வர்ட்ஸ் தொகுப்பு போதும், 1887 முதல் 1914 வரையிலான சுமார் 2,100 கார்டுகளை இணையத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். நான் ஏலம் கேட்பதற்கு முன்னால் முதலில் போவது அங்கேதான்.

கார்டைத் தாண்டிக் கடிதம், குழுப்படம் என்று போகிறவர்கள் அது யார் கையிலிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்க வேண்டாம். 1921இல் நியூயார்க் பொது நூலகத்துக்குக் கிடைத்த, பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் ஸ்பால்டிங்கின் தொகுப்பிலிருந்தே நிறையத் திருடு போயிருக்கிறது. அப்புறம் ஏல நிறுவனத்தின் கமிஷன்: கேட்ட தொகைக்கு மேல் 20 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள், கடைசி நிமிட ஆவேசத்தில் அது மறந்துபோகும்.

முதல் கார்டுக்குப் பெரிய ஆள் வேண்டாம், படம் தெளிவான சாதாரண ஆட்டக்காரர் போதும். அந்தக் கால நட்சத்திர ஆட்டக்காரர் கேப் ஆன்சன் வேண்டும் என்று ஆசை இருந்தால், வழக்கமாக வருவது கோட்டு போட்ட ஆன்சன்தான்; சீருடை போட்டவர் இந்தத் தொடரின் பெரிய அபூர்வங்களில் ஒன்று, அதை யாராவது மலிவாகக் கொடுத்தால் பூதக்கண்ணாடிகூட வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.