30 ஃப்ரேம் ஹேண்ட்போன் வீடியோவை டிவிடியில் போட எந்த வழி நல்லது?

தீமிதியோ காவடியோ கல்யாணமோ, இப்போது எல்லாமே ஹேண்ட்போனில்தான் எடுக்கிறோம். ஆனால் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்ட பெரியவர்கள் பலர் வீட்டில் டிவிடி பிளேயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கைப் போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் படம் வரவேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. சிக்கல் என்னவென்றால் மலேசியாவில் டிவிக்கு பால் (PAL) சிஸ்டம், அந்த டிவிடிக்கு வினாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனித்தனிப் படங்கள். ஹேண்ட்போன் தானாக எடுப்பது 30. இந்த 5 ஃப்ரேமை என்ன செய்வது என்பதில்தான் படம் நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் இருக்கிறது.

முதல் வழி, ஒவ்வொரு ஆறாவது ஃப்ரேமையும் தூக்கிப் போடுவது. எடிட்டிங் மென்பொருளில் நாம் எதையும் தொடாமல் விட்டால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் வரிசையாக நிற்கும் கூட்டத்தின் மேல் கேமராவை மெல்ல ஓட்டியிருந்தால் வினாடிக்கு ஐந்து முறை படம் வெட்டி வெட்டி நகரும். கேமரா அசையாமல் ஆட்கள் உட்கார்ந்து பேசும் இடங்களில் இது கண்ணுக்கே தெரியாது.

இரண்டாவது, பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்களைக் கலப்பது, அதாவது பிளெண்டிங். வெட்டு மறைந்துவிடும், பதிலுக்கு நிழல் வரும். உறுமி மேளம் அடிக்கும் காட்சியை நிறுத்திப் பாருங்கள், வளைந்த குச்சி ஒன்றுக்கு இரண்டாக, இரண்டுமே பாதி மங்கலாகத் தெரியும். பெரிய டிவியில் இது தாங்கவே முடியாது. பலர் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள், நான் செய்யமாட்டேன்.

மூன்றாவது ஆப்டிகல் ஃப்ளோ. அசைவைக் கணக்குப் போட்டு இடையில் இல்லாத ஃப்ரேமை மென்பொருளே வரைந்துவிடும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ரீடைம் ப்ராசஸ் என்ற இடத்தில் இது இருக்கிறது. மெதுவாக நகரும் காட்சிக்கு அருமையாக வரும். ஆனால் காவடியில் மயிலிறகு ஆட, அதற்குப் பின்னால் நாலு பேர் கை தூக்கி ஆட, எது எதற்கு முன்னால் என்று மென்பொருளுக்குப் புரியாமல் போய், இறகின் ஓரமெல்லாம் மெழுகு மாதிரி உருகி வழியும். ரெண்டர் ஆகவும் ரொம்ப நேரம் பிடிக்கும், பழைய கணினியில் சொல்லவே வேண்டாம்.

நான்காவது வழியைத்தான் யாரும் யோசிப்பதில்லை: மாற்றாமலே விடுவது. டிஸ்க்கையே பாலுக்குப் பதில் என்டிஎஸ்சி (NTSC) என்ற மற்ற டிவி சிஸ்டத்தில் செய்துவிட்டால் வினாடிக்கு 29.97 ஃப்ரேம், ஹேண்ட்போன் எடுத்ததுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும், ஒரு ஃப்ரேமும் வீணாகாது. இங்கே கடையில் வாங்கிய பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் படிக்கும், தட்டை டிவிகளும் ஏற்றுக்கொள்ளும். பிளேயரின் செட்டப்பில் டிவி வகை பால் என்று இருந்தால் அதை மல்டி அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பிளேயரே தன் இஷ்டத்துக்கு மாற்றிப் படத்தைத் திக்கவைக்கும். நஷ்டம் ஒன்று உண்டு, பாலில் 576 கோடுகள், இதில் 480தான். என் கண்ணுக்கு அந்தக் கூர்மையை விட அசைவு ஒழுங்காக வருவதுதான் முக்கியம். வீட்டில் இன்னும் பழைய பிக்சர் டியூப் டிவி என்றால் மட்டும் ஜாக்கிரதை, அது என்டிஎஸ்சி தெரியாத டிவியாக இருந்தால் படம் கறுப்பு வெள்ளையில் வரலாம்.

அதனால் முழுக்க முழுக்க ஹேண்ட்போன் வீடியோ என்றால் என் பதில் என்டிஎஸ்சி டிஸ்க்தான்.

பழைய கேம்கார்டர் டேப்பும் சேர்ந்தால் கதையே வேறு. லயத்து வீடும் பழைய கோவிலும் இருக்கும் அந்த டேப்புகள் 25 ஃப்ரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக (ஒரு கோடு விட்டு ஒரு கோடு சேர்ந்தது ஒரு பாதி), ஆக வினாடிக்கு 50 பாதிகள். அதை என்டிஎஸ்சிக்கு இழுத்தால் கோடும் குறையும், அசைவும் கெடும். இடித்துச் செம்பனை நட்டுவிட்ட இடத்தைத் திரும்பப் போய் எடுக்க முடியாது, ஹேண்ட்போன் காட்சி கொஞ்சம் வெட்டினால் பரவாயில்லை. ஆகவே டிஸ்க் பால், டேப்பைத் தொடாதீர்கள், ஹேண்ட்போன் பகுதியை மட்டும் மாற்றுங்கள். அதிலும் சத்தம் தேவையில்லாத துண்டுகளை, உதாரணமாக தீபாராதனை, மாலை, கோலம் போன்றவற்றை, 25இல் அப்படியே மெதுவாக ஓடவிடலாம். ஒரு நிமிடம் 1 நிமிடம் 12 வினாடியாகும், ஃப்ரேம் எதுவும் போகாது, பார்க்கவும் அழகாக இருக்கும். DV எனும் டிஜிட்டல் கேம்கார்டர் டேப்பில் அந்த இரண்டு பாதிகளில் கீழ்ப்பாதி (லோயர் ஃபீல்ட்) எனப்படுவதுதான் முதலில் வரும், மென்பொருளில் அதை மாற்றிப் போட்டால் ஆட்கள் நடக்கும்போது முன்னும் பின்னுமாக உதறுவார்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு வேலையை முதலில் முடியுங்கள். ஹேண்ட்போன் 30 என்று சொன்னாலும் வெளிச்சம் குறைந்தால் 24, 20 என்று தானாக இறங்கும், அப்புறம் போகப்போக நாதஸ்வரச் சத்தம் ஒரு பக்கம், வாசிப்பவர் விரல் ஒரு பக்கம் என்றாகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இலவசம், அதில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் (மாறாத ஃப்ரேம் வேகம்) வைத்து ஒருமுறை ஓட்டிவிட்டு அதற்கப்புறம் எடிட்டிங்குக்குக் கொண்டு வாருங்கள். ரிசால்வில் கிளிப்பை உள்ளே போட்ட பிறகு ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது, அதனால் பாலா என்டிஎஸ்சியா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யவேண்டும்.

இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை. ஐபோன் கேமரா செட்டிங்கில் பால் ஃபார்மட்டைக் காட்டச் சொன்னால் 25 வரும், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து டியூப் லைட் மினுக்குவதும் அதில் குறையும். அந்த வசதி இல்லாத போனில் 60இல் எடுங்கள், 50 பாதிகளாக மாற்றும்போது ஆறில் ஒன்று போனாலும் இடைவெளி அறுபதில் ஒரு பங்கு வினாடிதான், 30இல் தெரிந்த வெட்டு இதில் அவ்வளவாகத் தெரியாது.