ஏற்காட்டு ஈரத்தில் ஒரு லேடெக்ஸ் டாப்பர்

லேடெக்ஸ் டாப்பர், அதாவது மெத்தையின் மேல் விரிக்கும் ரப்பர் நுரையாலான மெல்லிய அடுக்கு, வாங்கினால் முதுகுத்தண்டு நேராக இருக்குமா என்று சேலம் சூரமங்கலத்து நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்பதால் அவருக்கு அவசரம். லேடெக்ஸ் நுரையைத் தயாரிக்கும் இரு முறைகளில் டன்லப் முறையா டலலே முறையா என்பதையெல்லாம் அவர் முன்பே படித்து முடித்துவிட்டதால் அவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. ஏற்காட்டில் எங்கள் வீட்டில், ரப்பர் சேர்த்த தேங்காய் நார் மெத்தையின் மேல், 78க்கு 60 அங்குல அளவில் 2 அங்குல தடிமனுள்ள டன்லப் டாப்பர் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். அதைப் பற்றி முழு மனதோடு பாராட்டவும் அதே அளவு கோபத்தோடு குறை சொல்லவும் என்னிடம் செய்தி இருக்கிறது.

முதலில் நண்பரின் கேள்விக்கு விடை. அவருடைய மெத்தையில் நடுவில் குழி விழுந்திருக்கிறது. அந்தக் குழியின் மேல் டாப்பரை விரித்தால் டாப்பரும் குழியாகத்தான் கிடக்கும். உடலின் கனமான பகுதியான இடுப்பைத் தாங்குவது அடியில் உள்ள மெத்தையே. தோள், இடுப்பெலும்பின் முனை ஆகிய இடங்களில் விழும் அழுத்தத்தைப் பரவலாக்குவது மட்டுமே டாப்பரின் வேலை. அடிமெத்தை உறுதியாகவும் சமமாகவும் இருந்து, ஆனால் உடலை உறுத்துகிறது என்றால், அப்போதுதான் டாப்பருக்குச் செலவு செய்வதில் பொருள் உண்டு.

என் நிலை அதுதான். நார் மெத்தை முதுகை விட்டுக்கொடுக்காமல் தாங்கியது. ஆனால் நான் ஒருக்களித்துப் படுப்பவன், தோள்பட்டை மெத்தைக்குள் இறங்க இடமில்லாததால் காலையில் கை மரத்துப்போயிருக்கும். இடுப்புவலி என்றாலே பலகையில் படு, தரையில் படு என்று சொல்வது நம் ஊர் வழக்கம். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு, நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரைக் கொண்டு, மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே வலியைக் கூடுதலாகக் குறைத்தது என்று காட்டியது. கடினமான மெத்தையின் மேல் 2 அங்குல லேடெக்ஸ் என்பது ஏறக்குறைய அந்த நடுத்தர நிலைக்கு நம்மைக் கொண்டுவருகிறது. மெத்தை ஏற்கெனவே மென்மையாக உள்ளவர்கள் 3 அங்குலம் வாங்கினால், இடுப்பு அமிழ்ந்து தண்டு தொட்டில் போல வளைந்துவிடும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. மெல்லிய பனியன் அணிந்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, பின்னாலிருந்து வீட்டில் ஒருவரைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை கோடு மெத்தைக்கு இணையாகச் சென்றால் போதும். என் மனைவி எடுத்த படத்தில் தண்டு நேராகவும் கழுத்து மட்டும் மேல்நோக்கியும் இருந்தது. காரணம் தலையணை. டாப்பரில் தோள் கீழே இறங்கியபின், பழைய இலவம்பஞ்சுத் தலையணை தேவைக்கு அதிக உயரமாகிவிட்டது. பஞ்சைக் கொஞ்சம் எடுத்துத் தைத்தபின் கழுத்துப் பிடிப்பு நின்றது. டாப்பர் வாங்குபவர்களிடம் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இன்னொரு மகிழ்ச்சியை நான் எதிர்பார்க்கவே இல்லை. மெமரி ஃபோம் வெப்பத்தால் இளகிக் குளிரில் இறுகும் பொருள். எங்கள் உறவினர் வீட்டில் அத்தகைய மெத்தையில் மார்கழியில் படுத்தால், உடல் சூடு ஏறும் வரை அது பலகையாகவே இருக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டின் குளிரில் லேடெக்ஸ் அப்படி மாறவே இல்லை. சித்திரையில் எப்படித் துள்ளியதோ தையிலும் அப்படியே துள்ளுகிறது. புரண்டு படுக்கும்போது உடலைப் பிடித்துவைப்பதும் இல்லை. இத்தனை காலத்தில் படுக்கும் இடத்தில் தாழ்வு எதுவும் தெரியவில்லை.

இனிக் குறைக்கு வருகிறேன். ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது ஒவ்வொரு மழைக்காலமும் திரும்பி வருகிறது. ஈரம்.

உறங்கும் உடலிலிருந்து வெளியேறும் ஈரப்பதம் லேடெக்ஸின் நுண்துளைகள் வழியே கீழிறங்கி, குளிர்ந்திருக்கும் அடிமெத்தையைத் தொடும் இடத்தில் நீராகப் படிகிறது. சமவெளியில் பகல் காற்று அதை உலர்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சேர்வராயன் மலையில் மூடுபனி சன்னல் வழியே அறைக்குள்ளேயே நடமாடும்போது எதுவும் உலர்வதில்லை. முதல் பருவமழையிலேயே டாப்பரின் பருத்தி உறையின் அடிப்பக்கத்திலும் நார் மெத்தையின் மேல்துணியிலும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்தது. லேடெக்ஸின் மேல் அது பிடிக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் முகத்துக்குக் கீழே அந்த வாடையோடு உறங்குபவருக்கு அந்த நேர்மையால் பயன் இல்லை.

டாப்பர் முழுவதும் குத்தியிருக்கும் துளைகளைக் காட்டி, காற்றோட்டத்துக்காகவே இவை என்று விற்கிறார்கள். அச்சுக்குள் உள்ள உலோக ஊசிகள் வெப்பத்தை உள்ளே கொண்டுசென்று ரப்பர் பாலைச் சீராக வேகவைக்கின்றன. அந்த ஊசிகள் விட்டுச்செல்லும் தடங்கள்தான் இந்தத் துளைகள். காற்று ஓரளவு போகிறது என்பது கூடுதல் பயன். அடியில் மெத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் காற்று எங்கே போகும்?

ஈரம் கண்டால் மெத்தையை வெயிலில் போடுவது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில் காயவைத்துக் கழியால் தட்டிய கைகள் என் அம்மாவுடையவை. பனி விலகிச் சற்று வெயில் எட்டிப்பார்த்தால் போதும், "எடுத்துட்டு வந்து போடுப்பா, வெயில் போயிரும்" என்று இன்றும் குரல் கொடுக்கிறார். ஆனால் லேடெக்ஸை வெயிலில் போடக்கூடாது. ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைப் புறஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அறுத்துவிடுகின்றன. டாப்பரோடு வந்த உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு சன்னல் ஓரத்திலேயே கிடந்து மஞ்சளாகி, பிறகு மேற்பரப்பு இறுகி, இப்போது விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. அம்மாவிடம் அதைக் காட்டியபின்தான் அவர் நம்பினார்.

ஆகவே நிழலில்தான் உலர்த்த வேண்டும், அதற்குத் தூக்க வேண்டும். கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தி என்றால் இந்த அளவு டாப்பர் சுமார் 12 கிலோ இருக்கும். (வாங்கும்போது எடை போட்டுப் பாருங்கள், சீட்டில் உள்ள அடர்த்தி உண்மையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.) 12 கிலோ பெரிய சுமை அல்ல. ஆனால் இது பிடிக்க விளிம்பு இல்லாமல், நனைந்த பவானி ஜமுக்காளம் போலத் துவண்டு விழுகிறது. கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே துளைகளின் ஓரமாகக் கிழியும். இருவர் பிடித்துத் தூக்கி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கூடாரம் போல வளைத்து நிறுத்தி, மின்விசிறியை ஓடவிட வேண்டும். மழைக்காலத்தில் இது வாரந்தோறும் நடக்கும் வேலை.

கட்டிலின் பிளைவுட் பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட மரச்சட்டங்களைப் பதித்தபின் நிலைமை பாதியாவது சீரானது. இடைவெளி மூன்று விரல் அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை வாங்கச் சொன்னார்கள். அது ஈரத்தை இன்னும் பூட்டிவைத்தது, கழற்றிவிட்டேன்.

கீழே சேலம் அம்மாப்பேட்டையில் அக்கா வீட்டிலும் இதே டாப்பர்தான். மலையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்த வீட்டில் பூஞ்சணம் என்ற பேச்சே எழவில்லை. சித்திரை, வைகாசியில் தளத்தின் சூடு இரவிலும் இறங்கும்போது லேடெக்ஸ் சற்று வெதுவெதுப்பாக இருக்கிறது என்பார். கெட்டியான பருத்தி விரிப்பைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறார்.

சேலத்தில் இருப்பவர்கள், அடிமெத்தை நன்றாக இருந்தால், தயங்காமல் வாங்கலாம். ஏற்காட்டில் வாங்கலாமா என்று என்னைக் கேட்டால் இன்று என் விடை, வேண்டாம் என்பதுதான். என் தோளுக்கும் முதுகுக்கும் இதைவிட நல்ல படுக்கை இதுவரை கிடைத்ததில்லை என்பதை அறிந்தே சொல்கிறேன். நேற்றும் பனி இறங்கிக்கொண்டிருக்க, நானும் மனைவியுமாக அதைத் தூக்கி நிறுத்தினோம். உறையின் ஓரத்தில் மறுபடியும் சாம்பல் புள்ளிகள்.